மோட்டார் வண்டிக் கடையில் முதல் வேலை



மோட்டார் வண்டி என்றால் உயிரை விடும் இளைஞன் ஒருவன் இல்லாத ஊர் இன்று இல்லை எனலாம். தெருமுனையில் வண்டி திரும்புமுன்னரே அதன் ஒலியைக் கொண்டு அஃது எந்தக் கம்பனியின் வண்டி, எந்த ஆண்டில் வெளிவந்தது என்று அவன் சொல்லிவிடுவான். பாடப் புத்தகத்தில் உள்ள சூத்திரங்கள் அவன் நினைவில் நில்லா. ஆனால் எந்த எஞ்சினுக்கு எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைவலு என்பன கல்லில் வெட்டிய எழுத்தாக நிற்கும். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அவன் நாடிச் செல்லும் இடம் மோட்டார் வண்டி விற்கும் நிலையம். அன்றேல் அதனைப் பழுதுபார்க்கும் கராஜ். அங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டால், விரும்பிய பொருளோடு பொழுதெல்லாம் வாழலாம். அதற்குச் சம்பளமும் தருவார்கள். இதனினும் பெரிய பேறு வேறு யாது என்று அவன் எண்ணுகின்றான்.

வேலையும் கிடைத்துவிடுகின்றது. ஆனால் முதல்நாட் காலையில் அவன் கையிலே கொடுக்கப்படுவது வண்டியின் திறப்பு அன்று; ஒரு வாளி தண்ணீரும் ஒரு பழந்துணியும். அவை இல்லையேல் ஒரு விளக்குமாறு. வண்டியை ஓட்டலாம், எஞ்சினைக் கழற்றிப் பார்க்கலாம் என்று கனவு கண்டு வந்தவன், தரையில் சிந்திய எண்ணெயை மரத்தூள் தூவிக் கூட்டிக்கொண்டு நிற்கின்றான். ஒரு மாதம் செல்கின்றது. இரண்டு மாதம் செல்கின்றது. "இதற்காகவா வந்தேன்?" என்ற கேள்வி அவன் உள்ளத்தில் எழுகின்றது.

இந்தக் கேள்வியை அற்பமானது என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. இதற்கு அவன் கூறிக்கொள்ளும் விடையைப் பொறுத்தே அவன் தொழில் அமைகின்றது. பொறுத்திரு, பொறுத்திரு என்று பெரியோர் சொல்வர். பொறுத்திருப்பது எப்பொழுது கல்வியாகும், எப்பொழுது வெறும் காலக் கழிவாகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. அதனையே இன்று ஆராய விரும்புகின்றேன்.

முதலில், மோட்டார் வண்டிக் கடை என்பது எவ்வாறு இயங்குகின்றது என்பதைத் தெரிந்துகொள்வோம். வண்டி செய்யும் கம்பனிகளிற் பெரும்பாலானவை தம் வண்டிகளைத் தாமே நேரிற் கொண்டுசென்று விற்பதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முகவரை நியமித்து, அவர் மூலமாகவே விற்கின்றன. அந்த முகவரின் நிலையத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முன்னே இருப்பது காட்சி மண்டபம். அங்கே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் புதிய வண்டிகள் பளபளத்துக்கொண்டு நிற்கும். பின்னே இருப்பது வேலைத்தலம். விற்ற வண்டிகள் பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் அங்கே வரும். இவை இரண்டுக்கும் நடுவே உதிரிப் பாகங்களை அடுக்கி வைத்திருக்கும் களஞ்சியம் ஒன்று உண்டு.

காட்சி மண்டபத்தில் ஒருவர் வண்டி வாங்குவது சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். ஆனால் வாங்கிய வண்டியோடு அவர் வேலைத்தலத்துக்கு மீண்டும் மீண்டும் வருகின்றார். எண்ணெய் மாற்ற வருவார். பிரேக்கைச் சரிபார்க்க வருவார். ஓடாமல் நின்றுவிட்டதென்று மனக்கலக்கத்தோடும் வருவார். எனவே வண்டியை விற்பது முன்மண்டபம் என்றாலும், அடுத்த வண்டியையும் அதே கடையில் வாங்கலாமா என்று அவர் தீர்மானிப்பது பெரும்பாலும் வேலைத்தலத்திலேதான். இந்த உண்மை கடையில் உள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்த இளைஞனுக்குத் தெரியாது.

அவனுக்கு ஏன் வாளியும் துணியும் கொடுக்கின்றார்கள்? வண்டியைக் கழுவுகின்றவனுடைய கை, அதன் உடல் முழுவதிலும் ஓரிடம் விடாமற் படுகின்றது. கதவின் ஓரத்தில் உள்ள கீறல், மூலையில் தொடங்கிய துரு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயர், அடியிற் சொட்டும் எண்ணெய், இவையெல்லாம் முதலில் அவன் கண்ணுக்கே புலப்படுகின்றன. முன்சில்லு ஒருபுறமாகத் தேய்ந்திருந்தால் சில்லுகளின் நேர் குலைந்திருக்கலாம் என்பதை ஒருவர் ஒரு முறை சொல்லிக் கொடுத்துவிட்டாற் போதும். அன்று முதல் அவன் கழுவுவது கழுவுதலோடு நின்றுவிடாது, சோதனையுமாகிவிடும். களஞ்சியத்துக்கு ஓடிச் சென்று ஒரு பாகத்தை எடுத்து வருவதும் அத்தகையதே. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரு பாகங்கள் இலக்கத்தில் வேறுபடும். மாறி எடுத்தால் வண்டி ஒரு நாள் வீணே நிற்கும். அவ்வண்டியை நம்பிப் பிழைப்பவர் ஒரு வாடகைச் சாரதியாயின், அன்றைய உழைப்பு அவருக்கு இல்லை. இலக்கம் என்பது வெறும் எண்ணன்று, ஒருவருடைய வீட்டு அடுப்போடு தொடர்புடையது என்பதை இளைஞன் அப்பொழுது உணர்கின்றான்.

அவன் வண்டியை விரும்பி வந்தான். ஆனால் அந்தக் கடை நடப்பது வண்டியை உடையவருக்காக. வண்டியின்மேல் உள்ள விருப்பம், வண்டியை உடையவர்மேல் உள்ள அக்கறையாக மாறுமிடம் எதுவோ, அங்கேதான் விளையாட்டு முடிந்து தொழில் தொடங்குகின்றது. இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை இரண்டு இளைஞர்களின் வாழ்க்கையைக் கொண்டு விளக்கலாம். ஒருவர் முன்மண்டபத்திலே தொடங்கியவர்; மற்றவர் வேலைத்தலத்திலே தொடங்கியவர். ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்தவர். மற்றவர் யப்பானைச் சேர்ந்தவர். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர்.

முன்மண்டபத்தில் தொடங்கியவர் வில்லியம் லயன்ஸ். 1901ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி, இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள பிளக்பூல் நகரத்திலே பிறந்தார். தந்தையார் இசைக்கருவிகள் விற்கும் கடை வைத்திருந்தார். மகனுக்கோ பியானோவைவிட மோட்டார்ச் சைக்கிளின் ஒலியே இனிமையாக இருந்தது. மன்செஸ்டரில் இருந்த குரொஸ்லி மோட்டார்க் கம்பனியில் தொழில் பயிலச் சேர்ந்தார். தொழில்நுட்பப் பள்ளியிலும் படித்தார். அந்தப் பயிற்சியில் அவர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1919ஆம் ஆண்டளவில் ஊர் திரும்பி, சன்பீம் வண்டிகளின் முகவராயிருந்த பிரவுன் அன் மலலியூ என்னும் நிலையத்தில் விற்பனையாளராக வேலைக்கு அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 18 அளவிலேயே இருக்கும்.

விற்பனையாளராக நின்ற இளைஞன் அங்கே எதனைக் கற்றிருத்தல் கூடும்? காட்சி மண்டபத்துக்கு வருபவர், எஞ்சினின் மூடியைத் திறந்து பார்ப்பதற்கு முன்னரே பாதி மனம் முடிவு செய்துவிடுகின்றார். வாயிலில் நின்று வண்டியைப் பார்க்கின்றார், சுற்றி வருகின்றார், இருக்கையைக் கையால் அழுத்துகின்றார், இறுதியில் விலையைக் கேட்கின்றார். விலையைக் கேட்டதும் முகத்தில் ஒரு மாற்றம் தோன்றும். விருப்பத்துக்கும் பணப்பைக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியை, வண்டியைச் செய்பவர் காண்பதில்லை. விற்பவர் நாள்தோறும் காண்கின்றார்.

1921இல் வில்லியம் வோம்சிலி என்பவர் லயன்ஸ் குடும்பத்துக்கு அயலவராக வந்தார். மோட்டார்ச் சைக்கிளின் பக்கத்தில் இணைக்கும் பக்கவண்டிகளை அவர் செய்துகொண்டிருந்தார். அலுமினியத் தகடு வேய்ந்து, ஆகாயக் கப்பல் போன்ற வடிவத்தில் அவை அழகாக இருந்தன. லயன்ஸ் தாமே ஒன்றை வாங்கினார். இப்பொருள் நன்றாக விற்கும் என்பதை அவருடைய விற்பனைக் கண் உடனே கண்டுகொண்டது. இருவரும் கூட்டாகத் தொழில் தொடங்க முடிவு செய்தனர். லயன்சுக்கு 21 வயது நிரம்பும்வரை சட்டப்படி ஒப்பந்தம் செய்ய இயலவில்லை. 1922இல் அந்த வயது வந்ததும், இருவர் தந்தையரும் பொறுப்பு நிற்க, 1,000 பவுண் வங்கிக் கடனுடன் சுவாலோ பக்கவண்டிக் கம்பனி தொடங்கிற்று.

1927இல் அக்கம்பனி மோட்டார் வண்டிக்கு உடல் அமைக்கத் தொடங்கியது. அந்நாளில் ஒஸ்டின் செவன் என்பது சாமானியரின் வண்டி; விலை குறைந்தது, தோற்றம் எளியது. அதன் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே வளைவான அழகிய உடலைப் பொருத்தி, இரு வண்ணம் பூசி விற்றார்கள். 1931இல் எஸ். எஸ். 1 என்னும் வண்டி இலண்டன் கண்காட்சிக்கு வந்தது. 1,000 பவுண் வண்டியின் தோற்றம் அதற்கு இருந்தது; விலையோ 310 பவுண்.

1935ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. லயன்ஸ் தமது புதிய ஜகுவார் வண்டியை இலண்டன் மேபெயார் ஹோட்டலில் அறிமுகம் செய்தார். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் விற்பனை முகவர்கள் விருந்துக்கு அழைக்கப்பட்டிருந்தனர். வண்டியைக் காட்டிவிட்டு, இதன் விலை என்னவாயிருக்கும் என்று ஒவ்வொருவரும் எழுதித் தருமாறு கேட்டார். வண்டி விற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எழுதிக் கொடுத்த விலைகளின் சராசரி 632 பவுண். உண்மை விலை 385 பவுண். இந்தச் சோதனையைச் செய்யும் எண்ணம் ஒரு பொறியியலாளருக்கு எளிதில் தோன்றாது. விற்பனை மண்டபத்தில் நின்று, விலை கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பழகியவருக்கே தோன்றும்.

பின்னாளிலும் லயன்ஸ், வண்டியின் வடிவத்தைத் தாளில் வரைந்து தீர்மானிப்பதைவிட, தகட்டு வேலைக்காரரைக் கொண்டு முழு அளவில் செய்வித்துப் பார்ப்பதையே விரும்பினார். அந்த மாதிரியைத் தமது வீட்டு வளவிலே நிறுத்தி, பகல் வெளிச்சத்தில் எட்ட நின்றும் கிட்ட நின்றும் நோக்குவது அவர் வழக்கம். வாங்க வருபவர் எவ்விதம் பார்ப்பாரோ அவ்விதமே அவரும் பார்த்தார். 1956இல் சேர் பட்டம் பெற்று, 1972இல் ஓய்வு பெற்று, 1985இல் மறையும் வரை அவரோடு நிலைத்திருந்தது அந்த முன்மண்டபப் பார்வை.

இனி, வேலைத்தலத்தில் தொடங்கியவரின் வரலாற்றைக் கேளுங்கள். அவர் சொயிச்சிரோ ஹொண்டா. 1906ஆம் ஆண்டு நவெம்பர் 17ஆந் திகதி, யப்பானில் ஹமமாட்சு நகருக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்திற் பிறந்தார். தந்தையார் இரும்புக் கொல்லர். பின்னர் துவிச்சக்கர வண்டிகளையும் பழுதுபார்த்தார். சிறுவனாயிருந்தபோது ஊருக்குள் முதன்முதலாக வந்த மோட்டார் வண்டியின் பின்னே ஓடினார். அது நின்ற இடத்தில் சொட்டியிருந்த எண்ணெயைக் குனிந்து முகர்ந்து பார்த்தார். அந்த மணத்தை முதுமையிலும் அவர் நினைவுகூர்ந்ததுண்டு.

துவிச்சக்கர வண்டிகளைப் பற்றிய சஞ்சிகை ஒன்றில், டோக்கியோவில் உள்ள ஆர்ட் ஷோக்காய் என்னும் மோட்டார்ப் பழுதுபார்ப்பு நிலையத்தின் விளம்பரத்தை ஹொண்டா கண்டார். அஃது ஆள் தேவை என்ற விளம்பரமன்று. இருந்தபோதிலும் தம்மைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஒரு கடிதம் எழுதினார். வரலாம் என்று பதில் வந்தது. 1922இல், 15 வயதில், பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு அந்த நிலையத்தில் தொழில் பயிலச் சேர்ந்தார். அக்கால வழக்கப்படி அவருக்குச் சம்பளம் இல்லை. உணவும் உறையுளும் கைச்செலவுக்குச் சிறு தொகையுமே கிடைத்தன.

வந்த இளைஞனுக்குக் கிடைத்த முதல் வேலை என்ன? முதலாளியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை! குழந்தையை முதுகிலே கட்டிக்கொண்டு, நிலையத்தைக் கூட்டித் துடைத்துக்கொண்டு, பிறர் வண்டிகளைப் பழுதுபார்ப்பதை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் ஈரம் படும்போதெல்லாம் உடன் பயின்றவர்கள் நகைத்தார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடிவிடலாமா என்ற எண்ணம் பலமுறை எழுந்தது. தந்தையின் சினத்தையும் தாயின் துயரத்தையும் நினைத்து நின்றுவிட்டதாக அவரே பின்னர்க் கூறியிருக்கின்றார். ஏறக்குறைய அரையாண்டு இவ்வாறு கழிந்தது. பின்னர், கடும்பனி பெய்து வேலை குவிந்துவிட்ட ஒரு நாளில், முதலாளி அவரை அழைத்து உதவி செய்யச் சொன்னார். பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்த வண்டியின் அடியில் முதன்முறையாகப் படுத்து வேலை செய்த அந்த நாளை ஹொண்டா என்றும் மறக்கவில்லை.

இவ்விடத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஹொண்டா பொறுத்திருந்தார் என்பது கதையின் பாதிதான். மறுபாதி, அந்த முதலாளி அவரைக் குழந்தையோடு விட்டுவிடவில்லை என்பது. அவர் பெயர் யூசோ சகாகிபாரா. பழுதுபார்க்கும் முறையை மட்டுமன்றி, வாடிக்கையாளரோடு பேசும் முறையையும், கைத்தொழிலைப் பெருமையோடு போற்றும் மனப்பான்மையையும் அவர் கற்றுக் கொடுத்தார். பல நாட்டு வண்டிகள் அங்கே வந்தன. தேவையான பாகம் கடல் கடந்து வரும்வரை காத்திருத்தல் இயலாது. ஆகவே பலவற்றைக் கையாலேயே செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு வண்டியைப் பழுதுபார்ப்பவன் அதனைச் செய்யவும் கற்றுக்கொள்ளும் நிலை அங்கே இருந்தது.

அடுத்த படி எதிர்பாராத விதமாக வந்தது. 1923ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆந் திகதி, டோக்கியோவையும் யொக்கோகாமாவையும் பெரும் பூகம்பம் தாக்கியது. தீ மூண்டு நகரத்தின் பெரும்பகுதியை அழித்தது. பழுதுபார்க்க வந்திருந்த வாடிக்கையாளரின் வண்டிகளைத் தீயினின்றும் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஹொண்டாவும் ஒரு வண்டியில் ஏறி, மக்கள் திரள் நடுவே அதனை ஓட்டிச் சென்றார். தெருவில் அவர் வண்டி ஓட்டியது அதுவே முதன்முறை. நிலையம் எரிந்துவிட்டது. தொழில் பயின்ற பலரும் ஊர்களுக்குத் திரும்பிவிட்டனர்; முதலாளியின் குடும்பத்தோடு எஞ்சியவர்கள் ஹொண்டாவும் மூத்தவர் ஒருவருமே. எரிந்த வண்டிகளைச் சீர்செய்யும் வேலை மலைபோல் வந்தது. அக்காலத்துச் சில்லுகளின் ஆரங்கள் மரத்தாலானவை. தீயில் அவை கருகிப் போயின. அவற்றை மீண்டும் மீண்டும் செய்து பொருத்திய அனுபவம் ஹொண்டாவின் மனத்தில் தங்கியது. சில ஆண்டுகளுக்குப் பின், வார்ப்பிரும்பு ஆரங்களைச் செய்து காப்புரிமை பெற்றார். இந்தியாவுக்கும் அவை ஏற்றுமதியாயின.

18 வயதளவில், வடக்கே மொரியோக்கா நகருக்கு ஒரு தீயணைப்பு வண்டியைப் பழுதுபார்க்க அவர் தனியே அனுப்பப்பட்டார். வந்திருப்பவர் ஒரு பையன் என்று கண்ட ஊரார் அவரைப் பொருட்படுத்தவில்லை. விடுதியிலும் எளிய அறையே கிடைத்தது. அவர் வண்டியைப் பிரித்து, மீண்டும் பூட்டினார். குழாயிலிருந்து நீர் சீறிப் பாய்ந்ததும் மரியாதையும் பெருகிற்று. அன்றே நல்ல அறைக்கு மாற்றப்பட்டார். ஒரு கைத்தொழிலாளியின் வயதை அவனுடைய வேலை மறக்கச் செய்துவிடும் என்பதை அவர் அன்று உணர்ந்திருப்பார்.

1924 நவெம்பரில் முதலாளியின் தம்பி ஓட்டிய பந்தய வண்டியில், உடன் செல்லும் தொழிலாளராக ஹொண்டா ஏறினார். ஆர்ட் ஷோக்காய் நிலையத்தாரே, பழைய விமான எஞ்சின் ஒன்றைப் பொருத்திச் செய்த வண்டி அது. பந்தயத்தில் வெற்றியும் பெற்றது. 1928இல் ஹமமாட்சுவில் அதே நிலையத்தின் பெயரில் கிளை ஒன்றைத் தொடங்க அவருக்கு உரிமை கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 21. ஹொண்டா மோட்டார்க் கம்பனி பிறந்தது 1948இல்; அதற்கு இன்னும் 20 ஆண்டுகள் இருந்தன.

இந்த வரலாற்றைப் படிப்படியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. குழந்தையைச் சுமந்த அரையாண்டு. வண்டியின் அடியிற் படுத்த நாள். முதன்முதலாக வண்டியை ஓட்டிய நாள். தனியே அயலூருக்குச் சென்ற நாள். பந்தய வண்டியில் ஏறிய நாள். தனிக் கிளையின் பொறுப்பை ஏற்ற நாள். ஆறு ஆண்டுகளில் ஆறு படிகள். முதற்படி தாழ்ந்தது என்பது உண்மையே. ஆனால் அதற்கு மேலே ஒரு படி இருந்தது. அதற்கு மேலே மற்றொன்று இருந்தது.

இதிலிருந்து, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை காணலாம். முதல் வேலையின் தாழ்வு ஒரு குறையன்று. மேலே படியில்லாத தாழ்வே குறை. ஆகவே, மோட்டார் வண்டிக் கடையில் சேர்ந்த இளைஞன் ஆறு மாதம் கழித்துத் தன்னைத் தானே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். முதலாவது: சேர்ந்த நாளில் எனக்குத் தெரியாதிருந்த எதனை இன்று நான் செய்ய வல்லேன்? இரண்டாவது: நான் ஐயம் கேட்டால் நின்று விடை சொல்ல ஒருவராவது இங்கே இருக்கின்றாரா? மூன்றாவது: எனக்கு முன் சேர்ந்தவன் இன்று எந்த வேலையில் இருக்கின்றான்? முன் சேர்ந்தவனும் வாளியோடுதான் நிற்கின்றான் என்றால், அந்தக் கடையில் படிக்கட்டு இல்லை. அங்கே பொறுத்திருப்பது பொறுமையாகாது. வேறிடம் தேடுவதே அறிவுடைமை. முன் சேர்ந்தவன் இன்று எஞ்சினைத் திறக்கின்றான் என்றால், தரையைக் கூட்டும்போதும் கண்ணைத் திறந்து வைத்திருப்பது நல்லது.

இதே கேள்விகள் முதலாளிகளுக்கும் உரியன. ஓர் இளைஞனின் விருப்பத்தை மலிவான கூலியாக மாற்றிக்கொள்வது எளிது. வண்டி என்றால் போதும் என்று வருகின்றவன் சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவான். நேரம் கடந்தும் நிற்பான். அந்த விருப்பம் ஒரு முதல். அதனைச் செலவழித்துவிட்டு ஒன்றும் திருப்பித் தராதவர், கடனை வாங்கி மறுத்தவருக்கு ஒப்பாவார். தாம் யாரை மதிக்கின்றீர்கள் என்று கேட்கப்பட்டபோதெல்லாம் ஹொண்டா சகாகிபாராவின் பெயரையே கூறினார். கடன் எவ்வாறு திருப்பித் தரப்பட வேண்டும் என்பதற்கு அதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கடையில் சேர்ந்தவர் எல்லாரும் ஜகுவாரையும் ஹொண்டாவையும் போலக் கம்பனி தொடங்குவார்கள் என்று நான் கூறவில்லை. அவ்விருவரும் ஆயிரத்தில் ஒருவரல்லர், கோடியில் ஒருவர். அவர்களோடு தொழில் பயின்ற பெரும்பாலோரின் பெயரை உலகம் அறியாது. ஆயினும், ஒரு பிரேக்கைச் செவ்வையாகப் பொருத்திவிட்டு வீடு செல்பவன், பெயர் தெரியாத பல குடும்பங்களின் உயிரைக் காத்துவிட்டுச் செல்கின்றான். அந்தத் தொழிலுக்கு வேறு பெருமை தேட வேண்டியதில்லை. முதல் வேலையிலே கற்ற பார்வை பின்னர் எவ்வளவு தூரம் உடன் வருகின்றது என்பதைக் காட்டவே இவ்விருவரையும் எடுத்துக்கொண்டேன்.

லயன்ஸ் விலை கேட்பவரின் முகத்தை நினைத்து வண்டி செய்தார். ஹொண்டா வண்டியை நாள்தோறும் பயன்படுத்துபவரின் சிரமத்தை நினைத்துச் செய்தார். 1958இல் அவருடைய கம்பனி வெளியிட்ட சுப்பர் கப் என்னும் சிறு மோட்டார்ச் சைக்கிள், ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திச் செல்லும் கடைப் பையனும் மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு அமைக்கப்பட்டது. அதற்காகவே இடக்கைக் கிளச்சு இல்லாமற் செய்தார்கள். சேறு தெறிக்காதபடி முன்னே காப்புத் தகடும் வைத்தார்கள். 2017இல் இவ்வகை வண்டிகளின் உற்பத்தித் தொகை 10 கோடியை எட்டியது. நம் நாட்டு வீதிகளில் நெடுங்காலம் ஓடிய சி 90 வண்டியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இன்று மோட்டார் வண்டி மாறிக்கொண்டு வருகின்றது. பல வண்டிகளின் பழுதைக் கணினித் திரையில் படித்தறியலாம். மின்கலத்தால் ஓடும் வண்டிகளில் எஞ்சினும் இல்லை. எஞ்சின் எண்ணெய் மாற்றுவதும் இல்லை. ஒலியைக் கேட்டே வண்டியைச் சொல்லும் இளைஞனின் கலை ஒருநாள் பயனற்றுப் போகலாம். ஆனால் வண்டி நின்றுவிட்டதென்று மனக்கலக்கத்தோடு வாயிலில் வந்து நிற்பவர் அன்றும் இருந்தார்; இன்றும் இருக்கின்றார். திரையில் தோன்றும் எழுத்தைப் படித்துவிடலாம். அதனை அவருக்கு விளங்கும்படி சொல்லி, வேண்டாத செலவை வைக்காமல், சொன்ன நேரத்தில் வண்டியைக் கொடுப்பது மனிதனுடைய வேலையாகவே இருக்கும். விருப்பத்தோடு வரும் இளைஞன் கற்க வேண்டியதும் அதுவே.

1973இல் ஹொண்டா தமது கம்பனியின் தலைமைப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் நாடெங்கும் பயணஞ்செய்து, தம் தொழிலகங்களுக்கும், தம் வண்டிகளை விற்றுப் பழுதுபார்க்கும் கடைகளுக்கும் நேரிற் சென்று, அங்கே வேலை செய்பவர்களின் கையைப் பற்றி நன்றி கூறினார். ஓரிடத்தில் ஒரு தொழிலாளி, தன் கையில் எண்ணெய் படிந்திருப்பதைக் கண்டு கழுவிவரத் திரும்பினான். ஹொண்டா அவனைத் தடுத்து, அந்தக் கையை அப்படியே பற்றிக்கொண்டார்.